எஜமானியம்மா எப்போது இறந்தாள்?

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

ஏரியில் பிணமாக மிதந்த எஜமானியம்மா, அடுத்த அத்தியாயத்தில் ஈரத் தலையோடு வந்து நர்ஸின் கட்டிலில் எப்படி உட்கார்ந்தாள்? நேற்று எங்கள் நூலக வாசகர் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். உன் ‘சாம்பல் மாளிகை’ நாவல் வந்த அன்றே படித்து முடித்தவள் நான். அதில் எஜமானியம்மா குளித்துவிட்டு வந்து நர்ஸோடு பேசுகிறாள். அதற்குப் பிறகுதான் சாகிறாள். கொன்றவன் அவளுடைய டாக்டர் கொழுந்தன். செத்தவர் யாரும் திரும்பி வருவதில்லை.

ஆனால் கூட்டம் இரண்டுபட்டுக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், "சாதாரண கொலைக் கதைங்க. பாதியிலேயே டாக்டர்தான்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.

மருந்துக்கடைக்காரர் எகிறினார். "என்ன சார் பேசறீங்க? செத்தவ வந்து, ‘கொஞ்சம் தள்ளிப் படும்மா, எனக்குக் குளிருது’ங்கறா. எனக்குக் கடையில மாத்திரை எண்ண முடியல, கை நடுங்குது. இது சாதாரணமா?"

"எந்தப் பக்கத்துல அப்படி வருது? காட்டுங்க."

"பக்க நம்பரே கிடையாதே, எப்படிக் காட்டறது!"

பக்க எண் இல்லாமல் புத்தகம் போடாதே என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா?

இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு உன்னை அழைக்கப்போகிறார்கள். நீ என் தங்கை என்று நான் சொல்லவில்லை. எதற்கு வீண் பேச்சு? உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

மார்ச் 8

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். கண் பரிசோதனைக்கு வந்திருந்த பெரியவரிடம் எழுத்துப் பலகையைத் திருப்பிக் காட்டி, வெறும் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிவிட்டேன். பாவம், அவரும் முயற்சி பண்ணினார்!

கை நடுங்கியதாமே! என் கதையைப் படித்து! நீ என்ன எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? "கச்சிதமாக இருக்கிறது. பயம் வரவில்லை." அவ்வளவுதான். உன் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதித்து ‘குடிக்க உகந்தது’ என்று எழுதிக் கொடுப்பாயே, அதே தொனி.

ஆனால் அக்கா, நான் பேயை எழுதவே இல்லை. ஈரத் தலை என்னுடையது. "தள்ளிப் படும்மா" என்னுடையது. ஆனால் அப்போது அவள் உயிரோடுதானே இருக்கிறாள்? எப்படியாவது அந்த மருந்துக்கடைக்காரரின் புத்தகத்தை வாங்கிப் பார். எனக்குத் தலை வெடித்துவிடும்.

இன்னொன்று. தங்கை என்று சொல்ல என்ன வெட்கம்? பள்ளியில் நான் நாடகம் போட்ட அன்றும் கடைசி வரிசையில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனவள்தானே நீ.

முத்தங்களுடன்,
குட்டி

*

மார்ச் 13

அன்புள்ள குட்டிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! உட்கார்ந்துகொண்டு படி.

பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம், அதற்கு ஃபாரம் என்று பெயர் என உனக்குச் சொல்லிக்கொடுத்தார் பிரஸ்காரர். நீயும் ஒவ்வொரு அத்தியாயத்தையும் சரியாக ஒரு ஃபாரத்தில் அடக்கிவிட்டேன் என்று பெருமையடித்தாய். அது போதாதென்று, "பயந்துக்கிட்டே படிக்கறவங்க இன்னும் எத்தனை பக்கம்னு எண்ணக் கூடாதுக்கா" என்று பக்க எண்ணையும் அத்தியாய எண்ணையும் எடுத்துவிட்டாய். இப்போது என்ன நடந்திருக்கிறது? பைண்டர் இரண்டு ஃபாரங்களை இடம் மாற்றித் தைத்திருக்கிறார். எஜமானியம்மா முதலில் மிதக்கிறாள், பிறகு வருகிறாள். ஒரு வாக்கியம்கூட உடையவில்லை. படிக்கிறவர் எப்படிச் சந்தேகப்படுவார்?

அட்டையைப் பார்க்கிற சாக்கில் எல்லாருடைய புத்தகத்தையும் வாங்கிப் புரட்டினேன். ஆகா ஓகோ என்கிறவர்கள் கையில் இருப்பதெல்லாம் மாற்றித் தைத்தது. சுமார் என்கிறவர்கள் கையில் இருப்பது ஒழுங்கானது. விதிவிலக்கே இல்லை! என் வேலையில் இவ்வளவு சுத்தமான முடிவை நான் பார்த்ததில்லை.

மருந்துக்கடைக்காரரின் புத்தகத்தைப் பட்டப்பகலில் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் படித்தேன். எனக்குக் கதை தெரியும். கொலைகாரனைத் தெரியும். தையல் தப்பு என்பதும் தெரியும். "தள்ளிப் படும்மா" என்று அவள் சொல்கிற இடத்தில் எங்கள் உதவியாளர் பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "மேடம், கிணத்துத் தண்ணி வந்திருக்கு" என்றாள். கத்திவிட்டேன். பாட்டில் உடைந்து, அந்தக் கிணற்றுத் தண்ணீர் சோதனைக்கே வராமல் போய்விட்டது.

சுருக்கமாகச் சொன்னால், இந்தத் தப்புதான் உன் கதையைத் தூக்கி நிறுத்துகிறது.

அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

பிரஸ்காரரைக் கேட்டேன். உங்கள் ஊர்க் கடைக்குப் போன இரண்டு கட்டுகளில் ஒன்று அப்படி ஆகிவிட்டதாம். மன்னிப்புக் கேட்டார். நான்தான் அவருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டுமோ என்னவோ.

கடையைப் பூட்டிவிட்டு வந்து, சமையலை முடித்துவிட்டு, வருஷக்கணக்காக உட்கார்ந்து எழுதியது நான். தூக்கி நிறுத்தியது பைண்டர்! அதை என்னிடம் சொல்லும்போது உனக்கு எவ்வளவு உற்சாகம்!

கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. வந்து என்ன பேச? உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால், அடுத்தவர் நகையைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்ற மாதிரி இருக்கும். நான் வரவில்லை. இன்னொரு கதை ஆரம்பித்திருந்தேன். அதையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். எனக்குக் கண்ணாடி விற்கத் தெரியும். அது போதும்.

யாரிடமும் சொல்லிவிடாதே. நீ எங்கே சொல்லப்போகிறாய், உனக்குத்தான் நான் யாரோ ஆயிற்றே.

தங்கை

*

மார்ச் 27, சனிக்கிழமை

அன்புள்ள குட்டிக்கு,

எழுதுவதும் கிழிப்பதுமாகவே நாள் போய்விட்டது. நாளை கூட்டம். இது அதற்குள் உனக்குக் கிடைக்காது. இருந்தாலும் எழுதுகிறேன்.

‘பயம் வரவில்லை’ என்று நான் சொன்னது பொய் இல்லை. அந்த வரிசையில் வரவில்லை. ஆனால் ‘தூக்கி நிறுத்தியது தப்பு’ என்று எழுதினேனே, அது அரைகுறை முடிவு. பைண்டர் இரண்டு ஃபாரங்களை மாற்றி அடுக்கினார். அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நான் கத்தியது நீ எழுதிய வாக்கியத்தில். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். பாராட்டு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உனக்குத் தெரியாதா?

மூட்டையை அவிழ்த்துவிடு.

அக்கா

ஞாயிறு மாலை, இதே தாளில்:

தபாலுக்கு வேலை இல்லாமல் நீயே வந்துவிட்டாய். உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாய். நீ கதைக்காரி, நாளைக்கே இதை வேறு மாதிரி சொல்வாய். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி உன் பையில் வைக்கப்போகிறேன்.

நீ வரமாட்டாய் என்று கூட்டத்தைக் கலைக்கப்போன நேரத்தில் உள்ளே வந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. வணக்கம்கூடச் சொல்லாமல், "எஜமானியம்மா செத்தப்புறம் வந்தாங்கன்னு படிச்சவங்க கை தூக்குங்க" என்றாய். பாதிப் பேர் தூக்கினார்கள். எல்லாவற்றையும் சொன்னாய்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "அப்போ நாங்க பயந்தது பைண்டருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். துடைத்துக்கொண்டே இருந்தாய்.

கடைசி வரிசையில் நான் எழுந்தேன். "பைண்டருக்குன்னா, தப்பாத் தைச்ச எல்லாப் புத்தகமும் பயமுறுத்தணுமே சார். எங்க லேப்ல ஒரு ரசாயனப் புத்தகம் அப்படித்தான் இருக்கு. இதுவரைக்கும் யாரும் கத்தல. இதைப் படிச்சிட்டு நான் கத்தினேன். எழுதினது என் தங்கச்சி."

"தங்கச்சியா! இத்தனை நாளா வாயைத் திறக்கலையே மேடம்!"

பேங்க் மேனேஜர் அவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சார், உங்க புத்தகத்தை ரெண்டு நாளைக்குக் குடுங்க."

"அதெல்லாம் முடியாது. உங்க கொழுந்தனை நீங்களே வெச்சுக்குங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது, "அடுத்த பதிப்பு எந்த வரிசையிலக்கா?" என்று கேட்டாய். "அவர் தைச்ச வரிசையில. ஆனா பக்க எண் போடு" என்றேன். "மாட்டேன்" என்றாய்.

இந்த இடத்தில் எழுத்துக் கலைந்திருப்பதற்குக் காரணம், நீ ஈரத் தலையோடு என் தோளுக்கு மேல் குனிந்து படித்துக்கொண்டிருப்பது. தண்ணீர் சொட்டுகிறது. "கொஞ்சம் தள்ளி உக்காருக்கா" என்கிறாய்.

தள்ளி உட்கார்ந்தேன்.