சைவப் பூனைக்கு மீன்

அத்தை,

பக்கத்து வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லையாம். மசாலா எதுவும் இல்லாமல் மீனை வெறும் தண்ணீரில் வேக வைக்கிறார்கள். சன்னலைச் சாத்த எழுந்தவள், சாத்தாமல் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு இந்த வாசம் இந்த வீட்டுக்குள் வருவது இன்றுதான்.

முட்டை ஓடுகூட வாசல் தாண்டாத வீடு உங்களுடையது. "எங்க சொக்கன் சுத்த சைவம்லா" என்று பாளையங்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தீர்கள். பால்சோறு, தயிர்சோறு, வெள்ளிக்கிழமையானால் சர்க்கரைப் பொங்கல். வந்தவர்கள் மெச்ச மெச்சப் பெருத்துக்கொண்டே போன பூனை, ஒரு கோடையில் இளைக்கத் தொடங்கியது. எந்நேரமும் தொட்டித் தண்ணீரை நக்கிக் குடித்தது. கொல்லை மணலில் அது ஒதுங்கிய இடத்தை நீங்கள்தான் குனிந்து பார்த்தீர்கள்.

"ஏட்டி, இவனுக்கும் என் சீக்குதான். பாரு, எறும்பு மொய்ச்சுக் கெடக்கு."

நான் சிரித்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சிரிக்கவில்லை. உங்களுக்குப் போடும் அதே இன்சுலினில் மிகக் கொஞ்சம், காலையும் மாலையும், தின்ற பிறகுதான் ஊசி. சோறு, பால், இனிப்பு எதுவும் கூடாது. "மீன் குடுங்கம்மா. பூனைக்கு அதுதான் சாப்பாடு" என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை உங்கள் மடியில் இருந்த கூடைக்குள் சொக்கன் கத்திக்கொண்டே வந்தான்.

"கொல்லையில வச்சு வேக வையி. சட்டி உள்ள வரக் கூடாது. நீயும் குளிச்சிட்டு உள்ள வா" என்றீர்கள்.

விடிந்ததும் மீன், ஊசி, குளியல். பொழுது சாய்ந்தால் மறுபடியும் அதுவே. உங்கள் கை நடுங்கும் என்பதால் உங்களுக்கும் ஊசி நான்தான். தூத்துக்குடியில் வேலை பார்த்த உங்கள் மகன் சனிக்கிழமைதான் வருவார். ஊசியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எம்.ஏ. படிச்சது வீண் போகல. பூனைக்குக் கம்பவுண்டர் ஆயிட்டா" என்பார். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

எனக்குச் சிரிப்பு வராது. ஆழ்வார்குறிச்சியில் என் அம்மா இடுப்பு ஒடிந்து கிடந்தாள். இரண்டு ஊசிகளுக்கு நடுவில் கிடைக்கிற பகலில் பஸ் ஏறிப் போய், அவள் தலையை வாரிவிட்டு, வெயில் தாழுமுன் திரும்ப வேண்டும். ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் படுக்க வழியில்லை. ஊசி தவறினால் சொக்கன் இருக்க மாட்டான். அவன் இல்லாவிட்டால் நீங்கள் சோற்றில் கை வைக்க மாட்டீர்கள். என்னை யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் மூச்சு முட்ட வைத்தது.

அப்புறம் அந்த ஆடி அமாவாசை. உங்கள் மகன் தர்ப்பணம் கொடுக்க ஆற்றுக்குப் போயிருந்தார். முன்னோருக்குப் படைக்கிற நாளில் மீன் ஆகாதென்று, நான் வேக வைத்து ஆற விட்டிருந்ததை எனக்குத் தெரியாமல் நீங்கள் தெருநாய்க்குப் போட்டுவிட்டீர்கள். காக்கைக்குச் சோறு வைக்குமுன் நம் வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது. சொக்கனின் தட்டு காலியாக இருந்தது. தின்றுவிட்டான் என்று நம்பி ஊசி போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் தள்ளாடினான். பின்னங்கால் மடங்கியது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"தின்னானா இல்லையா அத்தை?" என்று கத்தினேன்.

"ஒரு நேரந்தானே, நம்மகூட அவனும் விரதம் இருக்கட்டும்னு..." பாதியில் நிறுத்தினீர்கள். இப்படி மயங்கி விழுந்த அனுபவம் உங்களுக்கு உண்டு. "சுகர் எறங்கிட்டு! கருப்பட்டி எடு, ஓடு!"

கரைத்த கருப்பட்டியை அவன் ஈறில் விரலால் தேய்த்தீர்கள். கடித்தான். ரத்தம் வந்தது. நடுங்குகிற அந்த விரலை நீங்கள் எடுக்கவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவன் தலையைத் தூக்கினான்.

படையலுக்கு இலை இன்னும் போடவில்லை. நீங்கள் விரதத்து ஈரச்சேலையோடு வாசலுக்குப் போய், தெருவில் போன மீன்காரியைக் கைதட்டிக் கூப்பிட்டீர்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"அம்மா, இன்னைக்கு அமாவாசைல்லா?" என்றாள் அவள்.

"எனக்குத் தெரியாதாட்டி? நீ மீனக் குடு. மாமனாரு கோவிச்சா நான் பேசிக்கிடுதேன்."

அதற்குப் பிறகு மீன் வேக வைப்பது உங்கள் வேலையாயிற்று. சட்டி கொல்லையிலிருந்து அடுக்களைக்கு வந்தது. ஊசி மட்டும் என்னிடமே இருந்தது. ஒரு சாயங்காலம் அவனைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "நம்ம ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிப் போட்டுட்டு இந்தச் சவம் தூங்குதான் பாரு." 'நம்ம ரெண்டு பேரு' என்று உங்கள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

சொக்கன் போனான். அவன் பின்னாலேயே நீங்களும் போனீர்கள். சென்ற மாதம் பத்து நாள் தங்குவதாகச் சொல்லி ஆழ்வார்குறிச்சிக்குப் போனேன். அம்மா இப்போது கம்பூன்றி நடக்கிறாள். எனக்கென்று பாய் உதறிப் போட்டு வைத்திருந்தாள். முதல் நாள் வெயில் தாழ்ந்தது. ஊசி நேரம். அவள் காப்பியோடு வரும்போது நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"எங்கட்டி கெளம்புத? மாப்பிள்ளயும் சனிக்கெழமதான வருவாரு. அங்கன யாரு இருக்கா ஒனக்கு?"

யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அத்தை. செருப்பைப் போட்டுக்கொண்டேன்.