வானத்துக்குப் பூட்டுப் போட்டவர்கள்

14 ஜூன் 2025, சனி

பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: இன்று காலை ஏழு இருபதுக்கு, நாகல் நகரில் எங்கள் வீட்டு மிக்ஸியின் பெரிய ஜார், தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருந்தபோதே, பணியிலேயே உயிர் நீத்தது. வயது ஒன்பது. மூடி சென்ற வருடமே காலமாகிவிட்டது. துக்கத்தின் பொருட்டு மூன்று நாள் இட்லிக்குப் பொடி மட்டுமே.

கறுப்புப் பட்டை போட்டு, நடுவில் ஜாரின் படத்தை வைத்து, 'வாஜித் நியூஸ்' அட்டையாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விட்டேன். அம்மா விளக்குமாற்றைத் தேடினாள். தோஹாவிலிருந்து அத்தாதான் சிரித்தபடி குரல் செய்தி போட்டார்: "ஏலே வாஜித்து, நல்ல எடமாப் பாத்து அடக்கம் பண்ணு. புது மிக்ஸி நான் வாரப்பக் கொண்டாறேன்."

வருகிறார்! 23ஆம் தேதி ராத்திரி விமானம். 25 புதன்கிழமை பாஸிலா அக்காவுக்கு நிக்காஹ், மாப்பிள்ளை வடமதுரை. அத்தாவைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

வரவேற்புக்கு ரொட்டிக்கடையில் பெரிய காகிதப் பை ஒன்று கேட்டு வாங்கிவிட்டேன். எனக்கு ஆறு வயதிலிருந்து நடக்கிற சடங்கு. அத்தா வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றும்போது பையை ஊதி அவர் காதுக்குப் பின்னால் படார்! அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சரிவார். "ஜெய்தூனு, உம் மகன் என்னக் கொன்னுட்டான்டி" என்று நாக்கைத் தொங்கப்போடுவார். ஒவ்வொரு தடவையும்.

16 ஜூன், திங்கள்

வரலாற்று வகுப்பில் பொன்னழகு சார் 'பன்முனை உலகம்' நடத்தினார். முன்பு உலகத்துக்கு இரண்டு தாதா, பிறகு ஒரே தாதா, இப்போது பல தாதா. ஐந்து மதிப்பெண்.

"சார், தாதா கூடினா தெருவுக்கு நல்லதா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. "அது பத்து மார்க் கேள்விடா. எனக்கே விடை தெரியாது."

ஈரானும் இஸ்ரேலும் நான்கு நாளாக அடித்துக்கொள்கின்றன. டிவி வரைபடத்தில் கத்தார் என் கட்டைவிரல் நகத்தளவு இருக்கிறது. அந்த நகத்துக்குள் நின்றுகொண்டு எங்கள் அத்தா ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிறார்.

19 ஜூன், வியாழன்

"அத்தா, அங்க பயமா இருக்கா?" "போடா, இங்க வெயிலுக்குத்தான் பயம்."

21 ஜூன், சனி

கன்னம் இன்னும் எரிகிறது. அத்தாவின் தம்பி சின்னத்தாவின் கை பூட்டுப் பட்டறையில் பழகிய கை.

நான் போட்ட அட்டை இதுதான்: 'அவசரச் செய்தி! தோஹா வான்வெளி மூடல். கிதர் முகம்மது ஒட்டகத்தில் புறப்பட்டார். அடுத்த ரமலானுக்குள் நாகல் நகர் வந்து சேருவார் என எதிர்பார்ப்பு.' கூடவே ஒட்டகத்தின் மேல் அத்தா தலையை ஒட்டிய படம். அருமையான படம் அது!

அம்மா முதல் வரியோடு நிறுத்திவிட்டாள். அலறிய அலறலில் எதிர்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். முழுசாகப் படிக்காமல் கத்தினால் அது என் தப்பா? தலைப்பை மட்டும் மேய்கிற குடும்பத்துக்கு நான் என்ன செய்ய?

அக்கா மருதாணி வைத்த கையைத் தூக்கிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குச் சின்னத்தாவே இன்னொன்று வைத்திருக்கலாம்.

22 ஜூன், ஞாயிறு

அமெரிக்காவும் குதித்துவிட்டது. ஈரானில் குண்டு. ஈரான் திருப்பி அடித்தால் எங்கே அடிக்கும்? அமெரிக்கா எட்டாத தூரம். ஆனால் அமெரிக்காவின் படைத்தளம் ஒன்று கத்தாரில் இருக்கிறது.

சே. இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன்?

24 ஜூன், செவ்வாய், காலை

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான். பயத்தில் இல்லை. நான் எதற்கும் கலங்காதவன் என்பது இந்த நோட்டுக்குத் தெரியும்.

நேற்று இரவு ஒன்பதே காலுக்குச் செய்தி பார்த்தேன். தோஹா வான்வெளி மூடல். நான் சனிக்கிழமை போட்ட அதே தலைப்பு, எழுத்துக்கு எழுத்து! உடனே குழுவில் போட்டேன். 'இது நெசம். சத்தியமா நெசம். பெரியத்தா, ரயில் ஏறாதீங்க' என்றும் போட்டேன்.

அத்தாவை அழைத்துவரச் சென்னைக்குக் கிளம்பிய பெரியத்தா ஸ்டேஷனிலிருந்து குரல் செய்தி அனுப்பினார்: "ஏலே, ஒட்டகம் இந்தவாட்டி எந்தப் பிளாட்பாரத்துக்குடா வருது?" ஏறியும் விட்டார். அம்மா என் போனைப் பிடுங்கினாள். "நாளக்கழிச்சுக் கல்யாணம். நீயெல்லாம் மனுசனாடா?"

பத்து மணிக்கு மேல் டிவியே காட்டியது. கத்தார் வானத்தில் ஏவுகணை. அம்மா தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அத்தாவுக்குப் போன் போகவில்லை. மூன்று மணி நேரம் போகவில்லை. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் பெரிய கொடுமை.

ஒன்றரைக்கு அவரே கூப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கேன். ஏர்போர்ட்டுலதான் இருக்கேன். வானத்துல ஏதோ வாணம் விட்டாய்ங்க, பாக்க அழகாத்தான் இருந்துச்சு. பிளைட்டு இல்லையாம். மிக்ஸி பத்திரமா இருக்கு."

மிக்ஸி பத்திரமா இருக்காம்!

காலையில் எழுந்தால் போர் நிறுத்தம் என்கிறார்கள். அதைவிடக் கேவலம், அடித்தவர்கள் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுத்தான் அடித்தார்களாம். அடி வாங்கியவர்கள் அதற்கு நன்றி சொன்னார்களாம். டிவியில் ஒருவர் இதை 'முதிர்ச்சியான அணுகுமுறை' என்கிறார். ஏன்டா, உங்களுக்குள்ள சொல்லிக்கிட்டீங்க, சரி. எங்க அத்தாவுக்கு எவன்டா சொன்னான்? ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, புதுச் சட்டை மாட்டி, மிக்ஸியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தவருக்கு எவன் சொன்னான்? ஒங்க வல்லரசுத்தனத்த ஒங்க ஊருக்குள்ள வச்சுக்க வேண்டியதுதான? எங்க ஊரில் ஆயிரம் பூட்டு செய்கிறோம். ஒன்றுகூட அடுத்தவன் வாசலில் மாட்டுவதற்கு இல்லை. இவன்கள் வானத்துக்கே பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறான்கள்.

24 ஜூன், மாலை

வான்வெளி திறந்துவிட்டது. ஆனால் விமானத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அத்தாவுக்கு இன்று இடமில்லை. நாளைக்கும் இல்லை.

தள்ளி வைக்கலாமே என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை மொஹரம் பிறந்துவிடும், எங்கள் பக்கம் பத்து நாளைக்குக் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அத்தாவின் லீவோ ஜூலை ஐந்தோடு முடிகிறது. ஆக, நாளைதான். அவர் இல்லாமல்தான்.

அப்படியென்றால் அத்தா இடத்தில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பெண்ணைக் கொடுப்பது யார்? அடுத்த போர் ஆரம்பமானது. "மூத்தவன் இருக்கைல எளையவன் உக்காருவானா?" சென்னை விமான நிலையத்திலிருந்து பெரியத்தா போனில் கர்ஜித்தார். "அம்புட்டு வேலையும் பாத்தவன் நானு. மண்டபம் பிடிச்சதும் நானு" என்று சின்னத்தா இங்கே எகிறினார். பெரியத்தா உட்கார்ந்தால் சின்னத்தா வீட்டார் பந்தியில் உட்கார மாட்டார்களாம். சின்னத்தா உட்கார்ந்தால் பெரியத்தா அப்படியே சென்னையிலேயே இருந்துகொள்வாராம். பொன்னழகு சார் வந்து பார்த்திருந்தால் ஐந்து மதிப்பெண்ணுக்கான விடை முழுசாகக் கிடைத்திருக்கும்.

கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து அத்தாவுக்கே வீடியோ கால் போட்டார். விமான நிலையத் தரையில், சார்ஜர் வயர் எட்டுகிற இடத்தில் அத்தா சம்மணம் போட்டிருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு.

"அண்ணனும் வேணாம், தம்பியும் வேணாம். எம் மகன் உக்காரட்டும்."

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "வயசுக்கு வந்த ஆம்பளையா இருக்கணும், புத்தி தெளிவா இருக்கணும். அதுதான் சட்டம்."

"முத விஷயம் சரி ஹஜ்ரத்து. ரெண்டாவதுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்" என்றார் சின்னத்தா.

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு நாளில் இந்த வீட்டில் முதல் சிரிப்பு. இரண்டு வல்லரசும் ஒத்துக்கொண்டன, என்மேல் மதிப்பில் இல்லை, மற்றவர் உட்காராமல் போனாரே என்ற நிம்மதியில்.

25 ஜூன், புதன்

நிக்காஹ் முடிந்தது.

வருங்காலச் சந்ததிக்காகக் குறித்து வைக்கிறேன்: வாஜித் சிங்கம் போல நடந்துகொண்டான். அக்காவிடம் சம்மதம் கேட்டதும், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்ததும் ஒரே மூச்சில். குரல் கணீர் என்று கடைசி வரிசை வரை போனது. ஹஜ்ரத் அசந்துபோனார். பெரியத்தா (காலை பஸ்ஸில் வந்துவிட்டார்) முதுகில் தட்டிக்கொடுத்தார். சின்னத்தா போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் அத்தாவின் முகம் பாதி நேரம் உறைந்து நின்றது.

பிரியாணி நன்றாக இருந்தது என்றார்கள்.

26 ஜூன், வியாழன்

அக்கா வடமதுரை போனாள். அத்தாவுக்கு விமானத்தில் இடம் கிடைத்தது. இந்த வரிசையில்தான் நடந்தது. மன்னிக்க மாட்டேன்டா, ஒருத்தனையும்.

28 ஜூன், சனி

அத்தா நேற்று மதியம் வந்தார். மெலிந்திருந்தார். தாடி நிறைய நரை. கையில் மிக்ஸி.

வாசலில் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். பையை ஊதினேன். யோசிக்கவே இல்லை. பத்து வருடத்துப் பழக்கம், கை அதுபாட்டுக்குச் செய்தது.

படார்.

அத்தா சுவரில் சரியவில்லை. நாக்கைத் தொங்கப்போடவில்லை. தரையோடு தரையாகக் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். மிக்ஸி படியில் உருண்டது. ஒரு நிமிடம் அப்படியே கிடந்திருப்பார்.

பிறகு அவர் மெதுவாக நிமிர்ந்து என் கையில் கிழிந்த பையைப் பார்த்தார். "ஜெய்தூனு... உம் மகன் என்னக் கொன்னுட்டான்டி" என்று சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கம்தான் போனது.

வாணமாம். பாக்க அழகா இருந்துச்சாம். அத்தா, நீயுமா பொய்ச் செய்தி போடுவ?

டிவியில் யார் ஜெயித்தார்கள் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. மூன்று பேருமே ஜெயித்துவிட்டார்களாம். எங்கள் வாசலுக்கு வந்து பாருங்களேன்டா.

சாயங்காலம் அத்தா நிக்காஹ் வீடியோவைப் போட்டார். நான்கு முறை பார்த்தார். ஐந்தாம் தேதி மறுபடி அதே ஊருக்கு, அதே அடுப்படிக்குப் போகிறார். போகும்போது போனில் ஏற்றிக்கொண்டு போவாராம். ஆகவே இனி மறைக்க வழியில்லை.

திருத்தம்: 25ஆம் தேதி இந்த நோட்டில் வெளியான செய்தி முழுவதும் பொய். வாஜித் நியூஸ் வருந்துகிறது. நடந்தது இது. இரண்டு சாட்சிகளோடு அக்கா இருந்த அறைக்குப் போனேன். 'அத்தாவுக்குப் பதிலா' என்றதோடு அழுகை வந்துவிட்டது. முக்காட்டுக்குள்ளிருந்து அக்காதான், "கேளுடா வாஜித்து. நீ கேட்டாத்தான நான் சம்மதம்னு சொல்ல முடியும்" என்றாள், அவளும் அழுதுகொண்டு. மேடையில் ஹஜ்ரத் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தார், எல்.கே.ஜி பிள்ளைக்குச் சொல்வதுபோல. கணீர் என்று கடைசி வரிசை வரை போனது என் விசும்பல்தான். பெரியத்தா தட்டிக்கொடுத்தது உண்மை, அது எனக்கு மூச்சு முட்டியதால்.

என் மூக்கு மாப்பிள்ளையின் கைமேலேயே ஒழுகியது. அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க வெட்கமாக இருக்கிறது.