மாரியாயி கேட்ட கேள்வி

12 மார்ச் 1958, புதன். மஸ்கெலியா.

காய்ச்சல் ஆராய்ச்சிக்கு இரத்தம் எடுக்க, வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் ஒருவர் கொழும்பு டாக்டரோடு இன்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். தோட்டத்து மருத்துவச்சி நான்தான் மொழிபெயர்த்தேன். வரிசையில் முதலில் நின்ற மாரியாயி கையை நீட்டவில்லை. போன வருஷம் அவள் மகள் காய்ச்சலில்தான் போனாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. என்ன நோவுன்னு யாரும் வந்து சொல்லலீங்களே, நர்ஸம்மா?"

"அதெல்லாம் அவங்ககிட்டச் சொல்லாதீங்க," என்றார் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா.

நான் ஒரு சொல் விடாமல் சொன்னேன். கொழும்பு டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வெளிநாட்டு டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். பரிசோதனை முடிவு ஒவ்வொருவர் பெயருக்கும் இங்கேயே வரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப எடுத்துக்கச் சொல்லுங்க," என்று மாரியாயி கையை நீட்டினாள். பின்னால் நின்றவர்களும் கொடுத்தார்கள்.

அவர்கள் கொண்டுவந்த பட்டியலில் நம்பர் மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் பெயர்களை நானே எழுதினேன். கண்டாக்கையா தோட்டத்தை நடத்தும் துரையிடம் என்ன சொன்னாரோ தெரியவில்லை. சொல்லட்டும். சித்திரைக்குள் கடிதம் வராவிட்டால் ஹட்டனில் ரயிலேறிக் கொழும்புக்கே போய்க் கேட்பேன். கேட்டால் பதில் வரும் என்று இன்று பார்த்துவிட்டேன்.