காலி செய்யும் தேதி

லாட்ஜ் வரவேற்பறை,
செவ்வாய், காலை ஏழு மணி.

அன்புள்ள ஸ்பேனருக்கு,

உன் நெட்டை எழுதுவது. நான் சுகம். என் முதுகுவலியும் என்னோடு சுகமாகத்தான் இருக்கிறது. நீ சுகமா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு ஊர்க்கதைக்குப் போக இந்தத் தடவை முடியவில்லை.

உன் கடிதம் நேற்று சாயங்காலம், கடைசி பஸ் போன பிறகு கைக்கு வந்தது. பதினொரு வருஷமாக வா வா என்று கூப்பிட்டும் அசையாதவன், அருவி பார்க்க வருகிறேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். முதல் தடவை படித்ததும் சந்தோஷத்தில் சமையல்காரரைக் கூப்பிட்டேன். லிஃப்ட் கம்பெனியில் என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன் வருகிறான், எங்கள் பேச்சு ஓயாது, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டாவது தடவை படித்ததும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு போனைத் தேடினேன்.

நீ மூன்று விஷயம் கேட்டிருக்கிறாய். தண்ணீர் எப்போது அதிகமாக விழும், ஒரு ஆளுக்குத் தனி அறை கிடைக்குமா, காவலர் இல்லாத நேரத்தில் மேல் அருவிக்குப் போக முடியுமா. இங்கே வருகிறவர்கள் துணி மாற்ற இடம் கேட்பார்கள், தொங்குபாலம் திறந்திருக்கிறதா என்பார்கள், குரங்குத் தொல்லை உண்டா என்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்பார்கள். நீ அதைக் கேட்கவே இல்லை. போதாததற்கு, டூல் பெட்டியை எனக்குப் பார்சலில் அனுப்பிவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். கல்யாணத்தன்று கூட அதை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நீ.

நான் நினைப்பது தப்பென்றால் நேரில் வரும்போது என்னைச் செருப்பால் அடி. தப்பாக இருக்கட்டும் என்றுதான் நேற்றிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தனியாக வந்தார். ஏழாம் நம்பர் அறை கொடுத்தேன். எங்கள் பதிவேட்டில் காலி செய்யும் தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. அவர் அதை நிரப்பவில்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிட்டேன். மேல் அருவிக்கு வழி கேட்டார். சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன், அதுதானே என் உத்தியோகம். மறுநாள் கீழேயுள்ள கடைக்காரர்கள் வந்து செய்தி சொன்னார்கள். அறையில் துண்டை அழகாக மடித்து வைத்திருந்தார். அவருடைய அம்மா வந்து, மகனுடையது என்று நினைத்து அந்தத் துண்டை மார்போடு அணைத்து எடுத்துப் போனார். அது லாட்ஜ் துண்டு என்று நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சாவி கொடுப்பதில்லை. உட்காரவைத்துப் பேசிப் பேசியே அறுத்துத் தள்ளிவிடுவேன். அப்படி அறுபட்டு வீட்டுக்குத் திரும்பிய ஒருவர் இப்போது வருஷம் தவறாமல் குடும்பத்தோடு வருகிறார். குழாயில் வெந்நீர் வரவில்லை என்று என்னைத் திட்டிவிட்டுப் போகிறார். அந்தத் திட்டுக்காகக் காத்திருப்பேன்.

அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. நாலாவது மாடியில் கதவு திறந்திருக்கிறது, லிஃப்ட் கீழே நிற்கிறது, அந்த நர்ஸ் காலை எடுத்து வைத்துவிட்டாள். கதவுப் பூட்டு தேய்ந்துவிட்டது என்று நீ மூன்று தடவை எழுதிக் கொடுத்தாய், கம்பெனி புதுப் பூட்டு அனுப்பவில்லை. ஆனாலும் அந்த மாசமும் லிஃப்ட் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாய். உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ நம்பவும் மாட்டாய். அவளும் திரும்பி வரமாட்டாள், என் வாத்தியாரும் வரமாட்டார். அந்தப் பாரத்தை இறக்கி வைக்க இடம் கிடையாது, ஸ்பேனர். ஆனால் நான் சுமக்கிறேன். சுமந்துகொண்டே பல் தேய்க்கிறேன், சாப்பிடுகிறேன். நீயும் சுமக்கலாம். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளலாம்.

நேற்று ராத்திரி வரை உனக்கு ஏழு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு டெய்லரைப் பிடித்தேன். கதவைத் திறந்தாய், தலையாட்டினாய், பேசவில்லை என்றார். அவரை உன் வீட்டை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மகள் பிரசவத்துக்குப் போயிருக்கும் உன் மனைவியிடமும், எனக்குத் தங்கச்சி மாதிரிதானே அவள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், பிறகு உன்னைத் திட்டினாள், பிறகு பெட்டியைக் கட்டினாள். சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள். போட்டுக்கொடுத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள், எவ்வளவு வேண்டுமானாலும் கோபித்துக்கொள்.

அருவிக்கு வரலாம். அடுத்த மாசம் இருபதாம் தேதி, நாம் மூன்று பேருமாக, தண்ணீர் குறைந்திருக்கும்போது. பாலத்தில் நடக்கலாம், மீன் காட்சியகத்தில் கண்ணாடியைத் தட்டாதே என்று காவலரிடம் நீ திட்டு வாங்கலாம். இரண்டு பேர் அறை பதிவு செய்தாகிவிட்டது. காலி செய்யும் தேதியை நானே நிரப்பிவிட்டேன்: இருபத்து மூன்று, மத்தியானம் மூன்று மணி பஸ்.

இந்தக் காகிதத்தை எட்டு மணி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். லாட்ஜ் சாவிகளை வாங்கிக்கொள்ள ஆள் வந்ததும் பத்து மணி பஸ்ஸில் நானும் ஏறுகிறேன். உன் தெரு பஸ் நிலையத்துக்குப் பின்னால்தானே, டிரைவர் வாசலுக்கே வருவார். பதில் வாங்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பஸ் நிறைய ஜனம் காத்திருக்கும், அவர்கள் சாபத்தை வாங்கிக்கொள்ளாதே.

பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். நம் வேலையில் ஒருவன் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் இன்னொருவன் மேலே நின்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுக்க வேண்டும், கீழே இருப்பவன் என்ன கோபத்தில் இருந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். நான் வழுக்கித் தொங்கிய அன்று என் குரல் வரவில்லை என்றுதானே நீ ஓடிவந்து பெல்ட்டைப் பிடித்தாய். அந்த ஒற்றை வார்த்தையை இதன் பின்பக்கம் எழுதிக் கொடு, போதும். மீதியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். நீ நூறு வருஷம் இருந்து என் உயிரை வாங்க வேண்டும்.

மேலே நிற்கும்
நெட்டை

இருக்கியா?