வந்துவிட்டது என்று நான் எழுதிய வண்டி

விரல் இடுக்கில் இன்னும் பசை வாசம் போகவில்லை. இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன். கோதுமை மாவைக் கரைத்து அடுப்பில் கிண்டி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு இறக்கச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். இன்றைக்குக் காலையில் அதே பசையால், உங்களைப் பற்றி எழுதிய தாளை ஐந்து இடத்தில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன், மெம்பர் ஐயா. என்ன எழுதினேன் என்று உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேரே கேட்கிற தைரியமும் இல்லாமல் போனது, அது என் கேடு.

போன வாரம் உங்கள் மகன் முன்பள்ளிக்கு வந்தார். பிரதேச சபையில் இப்போது உங்கள் நாற்காலியில் இருப்பவர் அவர்தான். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது, இந்த மாத வட்டாரச் செய்தியில் முதல் பக்கம் முழுக்க உங்களுக்கு ஒரு நினைவு மடல் வேண்டும் என்றார். "நீங்க எழுதினாத்தான் டீச்சர் சனம் நம்பும்," என்றார். அப்படியே உங்கள் வாய்.

வட்டாரச் செய்தியை நாம் தொடங்கியது உங்களுக்கு மறந்திருக்காது. முதல் தாளை டவுனில் கணினியில் அடித்துக் கொண்டுவந்தீர்கள். எழுத்தெல்லாம் கோழி கிளறிய மாதிரி உடைந்து கிடந்தது, ஒருவரும் நின்று படிக்கவில்லை. அப்புறம் பிள்ளைகளுக்காக முன்பள்ளிச் சுவரில் நான் எழுதிப்போட்டிருந்த பாட்டைப் பார்த்துவிட்டு, இதே எழுத்தில் எழுதிக் கொடுங்கள், போட்டோ கொப்பி அடித்துக்கொள்ளலாம் என்றீர்கள். மாதம் ஒரு தாள். கிளினிக் எந்த நாள், அடையாள அட்டைக்கு நடமாடும் சேவை எங்கே, எந்தப் பிரிவுக்குத் தண்ணீர் வராது, புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எது, கோயில் திருவிழா, பையன்களின் கிரிக்கெட் எல்லாம் அதில் இருக்கும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களம், தேயிலை ஸ்டோர் கேட்டு, கோயில் சுவர், கடை, முன்பள்ளி என்று ஐந்து இடத்தில் ஒட்டுவோம். மூன்றாம் வகுப்போடு நின்ற பெண்கள்கூட, காலையில் பெரட்டுக்கு வந்து நிற்கும்போது விரல் வைத்துப் படிப்பார்கள். தேதி தப்பினால் உங்களை அல்ல, என்னைத்தான் பிடிப்பார்கள். அதனால் ஒவ்வொன்றையும் போன் போட்டுக் கேட்டு, சரி என்று தெரிந்த பிறகுதான் எழுதுவேன். அது உங்களுக்கு எரிச்சல். "சேதி கெடக்கட்டும் டீச்சர், மொதல்ல என் போட்டோ பளிச்சுனு விழுதா பாருங்க," என்பீர்கள். நான் சிரிப்பேன். அப்போதே சிரித்திருக்கக் கூடாது.

உங்களிடம் நல்லதே இல்லை என்று சொல்ல வரவில்லை. கீழ்ப்பிரிவு லயத்து வீடுகளுக்குக் கூரைத் தகரம் வாங்கித் தந்தது நீங்கள். நுவரெலியாவில் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, சிங்களத்தில் மல்லுக்கட்டி, நம் பிள்ளைகள் ஏழு பேருக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துத் தந்ததும் நீங்கள். அதனால்தான் ஆத்திரம் இன்னும் கூடுகிறது. ஒன்றுக்கும் உதவாத ஆள் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நினைத்தால் செய்யக்கூடிய மனிதர் நீங்கள்.

அந்த அம்புலன்ஸ், வெளிநாட்டில் இருக்கிற யாரோ ஒரு புண்ணியவான் நம் வட்டாரத்துக்கென்று கொடுத்தது. திங்கட்கிழமை டவுனுக்கு வந்து உங்கள் தம்பியின் கராஜில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மினிஸ்டர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. அந்த மாதத் தாளில் நான், வரும் ஞாயிறு முதல் அம்புலன்ஸ் ஓடும் என்று எழுதி வைத்திருந்தேன். நீங்கள் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்கள்.

"இது என்னா டீச்சர், கல்யாணப் பத்திரிக மாதிரி? வண்டிதான் வந்து நிக்குதுல்ல. வந்துருச்சுன்னே போடுங்க. சனம் சந்தோசப்படட்டும்."

ஞாயிறுக்கு முன்னால் யாராவது அழைத்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அழைத்தால் வரும், வேறு எதற்கு வண்டி என்றீர்கள். நம்பினேன். டிரைவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கிற என் வழக்கத்தை அன்றைக்கு மட்டும் விட்டேன். நமது வட்டாரத்துக்கு அம்புலன்ஸ் வந்துவிட்டது, எந்த நேரமும் அழைக்கலாம் என்று எழுதி, கீழே நம்பரையும் பெரிதாகப் போட்டேன். புதன்கிழமை ஒட்டினோம்.

வியாழக்கிழமை காலை பத்து மணி போல கீழ்மலையில் குளவி கிளம்பியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மற்றப் பெண்கள் ஓடிவிட்டார்கள். என் அக்காவுக்கு முழங்கால் வலி, ஓட முடியவில்லை. தலையில் கட்டியிருந்த துணிக்குள்ளேயே குளவி புகுந்துவிட்டது. தூக்கி வந்து கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கிடத்தினார்கள். வாசலில் கொழுந்து லொறி நின்றிருக்கிறது. எப்போதும் ஆளை அதில்தான் ஏற்றுவோம், குலுக்கினாலும் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். கங்காணியும் ஏற்றச் சொல்லியிருக்கிறார். அக்காவின் புருஷன், என் அத்தான், அவர்தான் வேண்டாம் என்றிருக்கிறார். லொறியில் போட்டு இடித்துக்கொண்டு போவானேன், அம்புலன்ஸ் வந்துவிட்டதாக டீச்சர் எழுதியிருக்கிறாளே, படுக்கவைத்தே கொண்டுபோகலாம் என்று சொல்லி லொறியை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார். அரசாங்க அம்புலன்ஸுக்குக்கூட யாரும் அடிக்கவில்லை. பக்கத்தில் நம் வண்டி இருக்கும்போது எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

நான் முன்பள்ளியிலிருந்து ஓடிப் போனபோது அக்காவின் முகம் வீங்கி, கண் திறக்க முடியாமல் இருந்தது. ஆனாலும் பேசினாள். அத்தான் அந்த நம்பருக்கு அடித்ததற்கு டிரைவர், மெம்பரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனை வைத்துவிட்டானாம். நான் உங்களுக்கு அடித்தேன். "வருது டீச்சர், பதட்டப்படாதீங்க," என்றீர்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி அடித்தேன். கிளம்பிவிட்டது என்றீர்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. மூன்றாம் தடவை நீங்கள் போனை எடுக்கவில்லை. அக்கா தண்ணீர் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி எங்கன வருதுன்னு பாரு புள்ள," என்றாள். வெளியே போய் நின்று கீழே ரோட்டைப் பார்த்தேன். திரும்பி வந்து, வளைவில் தெரிகிறது என்று பொய் சொன்னேன். கடைசியில் சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போன லொறியை மறித்து, லீக்ஸ் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு அவளைக் கிடத்தினோம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது உயிர் இல்லை. முந்திக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி கராஜை விட்டு அசையவே இல்லை. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை என்று டிரைவரே பிறகு வந்து அழுதான். தெரிந்த வேன்காரர் ஒருவரைப் போகச் சொல்லிவிட்டு, அவர் போனாரா இல்லையா என்றுகூட நீங்கள் விசாரிக்கவில்லை. கருமாதிக்கு வந்தீர்கள். மற்றவர்கள் தள்ளி நின்ற நேரம் பார்த்து என்னிடம் மட்டும் குனிந்து சொன்னீர்கள்.

"டீச்சர், மினிஸ்டர் ரிப்பன் வெட்டுறதுக்கு முந்தி வண்டிய அந்தச் சேத்துல எறக்கினா என் மானம் என்னாகும், நீங்களே சொல்லுங்க."

நீங்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நிஜமாகவே என்னிடம் நியாயம் கேட்டீர்கள். அதைத்தான் இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதத் தாளில் மேலே நீங்களும் மினிஸ்டரும் ரிப்பனோடு. கீழே ஒரு கட்டம் போட்டு அக்காவுக்கு அனுதாபம், குளவி கொட்டி அகால மரணம் என்று. நானே எழுதினேன், ஐயா. முன்பள்ளிக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, நீங்கள் மனம் வைத்தால்தான் தகரம் வரும், பிள்ளைகளுக்காகத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதினேன். காத்துக் கிடந்ததைப் பற்றி ஒரு சொல் அதில் இல்லை. உங்களோடு சேர்ந்து நானும் பூசி மெழுகினேன். அத்தான் அதைப் படித்துவிட்டு நேரே முன்பள்ளிக்கு வந்தார். "நீ எழுதியிருந்ததாலதான் நான் லொறிய அனுப்பினேன்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. என் எழுத்து ஒட்டியிருக்கிற சுவர்ப் பக்கம் நிற்பதும் இல்லை.

போன வருடம் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தபோது அதே வண்டிதான் வந்ததாம். கால் மணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிட்டதாம். அப்படியும் நீங்கள் பிழைக்கவில்லை. கேள்விப்பட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கால் மணி நேரத்தின் மேல் பொறாமைதான் வந்தது. செத்தவர் மேல் பொறாமைப்படுகிற அளவுக்கு என்னை ஆக்கிவிட்டுப் போனீர்கள். ஊருக்காக வந்து மாலை போட்டேன்.

அதனால்தான் உங்கள் மகன் கேட்டதும் எழுதித் தருகிறேன் என்றேன். இப்படி எழுதினேன்: வண்டி வந்துவிட்டது என்று எழுதியது நான். எழுதச் சொன்னவர் மெம்பர். வண்டி ரிப்பனுக்காக டவுனில் நின்றது. என் அக்கா கொழுந்து மடுவத்தில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தாள். அவ்வளவுதான். உங்கள் மகனிடமே முதலில் காட்டினேன். நின்றுகொண்டே படித்தார், முகம் கறுத்துப் போனது. "இத நான் போட மாட்டேன் டீச்சர். அப்பாதான் செத்துட்டாரே, இனி என்னா?" என்றார். எங்கள் அக்காவும்தான் செத்துவிட்டாள் தம்பி என்றேன். கூரையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போய்விட்டார். போட்டோ கொப்பிக்கு இனி அவரிடம் போக முடியாது. உட்கார்ந்து ஐந்து தாளும் கையாலேயே எழுதினேன்.

காலையில் பெரட்டுக்களத்தில் ஒட்டும்போதே பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி சத்தமாக வாசித்தாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு தள்ளி நின்ற அத்தான் கிட்டே வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பேனாவைக் கேட்கிறார் என்று தெரிந்ததும் எடுத்துக் கொடுத்தேன்.

"ரெண்டு மணி நேரம் இல்ல. ரெண்டே முக்கா," என்றார். "அவ தல என் மடியிலதான் இருந்துச்சு. நான் மணியப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

இரண்டு என்று நான் எழுதியதை அவரே அடித்துவிட்டு மேலே எழுதினார். பசை ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது. பேனாவைத் திருப்பித் தந்துவிட்டு மலைக்குப் போய்விட்டார். மற்ற நான்கு இடத்துக்கும் நடந்து போய் நான் திருத்திவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

உங்களுக்குக் கொடுக்க என்னிடம் மன்னிப்பு இல்லை, ஐயா, தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்கு அது இரண்டு மணி நேரமாகத்தான் ஞாபகம் இருந்தது. உங்களைத் திட்டித் திட்டியே அவள் கிடந்த முக்கால் மணி நேரத்தை நான் தொலைத்திருக்கிறேன். இவ்வளவு காலமும் அதை அத்தான் ஒருவர்தான் தனியாக வைத்திருந்தார். இனி என்னிடமும் இருக்கும்.