அரை என்றால் முப்பது

என் அன்பு அக்காவுக்கு,

எங்கே போனாலும் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்பவள் நீ. உலகத்தை விட்டுப் போவதிலுமா அந்த அவசரம்? ஒரு வருடம் ஆகப்போகிறது. உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

தொம்மலூர் வீடு அப்படியேதான் இருக்கிறது. மேஜைமேல் மாமாவின் டிஜிட்டல் கடிகாரம். உன் மகள் ரேகாவுக்காக இனிப்புப் பெட்டி மூடியில் நீ செய்த முள் கடிகாரம் அலமாரியில். விளக்குமாற்றுக் குச்சிதான் முள், நடுவில் மாமாவின் சட்டைப் பொத்தான். முழு மணி மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். "அரை, கால் எல்லாம் நான் வந்து சொல்லித் தரேன். நீ நடுவுல பூந்து அவள கொழப்பாத" என்று என்னிடம் சொன்னாய்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவளைப் பார்க்க வேண்டும் என்றாயே, நினைவிருக்கிறதா? ஐந்தே முக்காலுக்கு உன்னை உள்ளே கொண்டுபோவார்கள் என்றார்கள். காயின் போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார், ரேகாதான் எடுத்தாள். ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். லைன் துண்டித்துக்கொண்டது.

ஐந்தரை தாண்டியும் அவர்களைக் காணோம். மறுபடி கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீ ஸ்ட்ரெச்சரில் வாசலையே பார்த்தபடி போனாய். அவர்கள் ஐந்து ஐம்பதுக்கு வந்தார்கள். ரேகா ஓடிவந்து கையிலிருந்த சீட்டைக் காட்டினாள். பென்சிலில் 5:50 என்று எழுதியிருந்தது. "கரெக்டா வந்துட்டோம், சித்தி" என்றாள்.

அவள்மேல் என்ன தப்பு? பெட்டிக்கடையில் ஐந்தரை ரூபாயை 5.50 என்றுதானே எழுதுகிறார்கள். நீ திரும்பி வரவில்லை. அந்தச் சீட்டை வாங்கி என் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அதனால்தான் அக்கா, நான் அவளுக்கு அரை மணியைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. டீச்சர் டைரியில் இரண்டு முறை எழுதி அனுப்பிவிட்டார், முழு மணி வருகிறது, அரை மட்டும் வரவில்லை என்று. நாளைக்குச் சொல்லித் தருகிறேன் என்று தள்ளிப் போட்டேன். எத்தனை நாள் தள்ள முடியும்?

போன வாரம் ஸ்கூல் வேன் டிரைவர் அவளிடம், "நாளெ ஏளூவரெ", நாளைக்கு ஏழரை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் ஏழு முப்பதுக்கு வேன் ஹாரன் அடித்தது. இவள் ஒற்றைப் பின்னலோடு நின்று, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறதே என்றாள். நான் பையை மாட்டி அனுப்பினேன்.

சாயங்காலம் வந்ததும் உன் கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய முள்ளை ஆறுக்குத் தள்ளினாள். பிறகு கேட்டாள்.

"சித்தி, அன்னிக்கு நீ போன்ல அஞ்சரைன்னுதான சொன்ன?"

அவளுக்கு ஏழு வயது அக்கா, ஏழு வயது.

"இல்லம்மா. அஞ்சு அம்பதுன்னு நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றேன். சீட்டை எடுத்துக் காட்டினேன். அவள் எழுத்தே என் பொய்க்குச் சாட்சி ஆனது.

அதை வாங்கிப் பார்த்தாள். "உன்னாலதான் அம்மா என்னப் பாக்கல" என்றாள்.

ஆமாம் என்றேன்.

நாலு நாளாக என்னோடு பேசுவதில்லை. மாமாதான் தலை பின்னி விடுகிறார், கோணல்மாணலாக. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்காருகிறாள். வலிக்கத்தான் வலிக்கிறது. ஆனால் நேற்றுப் பரீட்சையில் அரை மணி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள். நீ கேட்டால் சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

அவள் வளர்ந்து, கல்யாணமாகி, எப்போது வந்து கேட்டாலும் ஐந்து ஐம்பது என்றுதான் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கை, அவள் பேசாத சித்தி.