மூன்று நீரில் கழுவிய கோழி

சூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தொலைபேசியை எடுக்க மறுக்கிறீர்கள்; ஆகவே எழுதுகிறேன். தையல் ஆலையில் உங்கள் உணவுக்கூடத்துச் சாப்பாட்டை உண்டவர்களில் பாதிப் பேர் வயிற்றுப்போக்கில் கிடக்கிறார்கள். விழுந்தவர் எல்லாரும் வெள்ளரித் துண்டு தின்றவர். அதைத் தொடாதவர் நலம். அவர்கள் மலத்திலோ கோழியின் குடலில் வாழும் நுண்ணுயிர்! கோழியின் கிருமிக்கு வெள்ளரியில் என்ன வேலை? உங்கள் கூடத்தில் கோழியை எங்கே கழுவுகிறார்கள்?

வீட்டில் எல்லாரும் நலமா? ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு வாய் ருசி பார்க்காமல் வெளியே அனுப்பாதவர் அண்ணி. அதனால் கேட்கிறேன், மக்கள் நல்வாழ்வுத்துறை அலுவலராக அல்ல.

அன்புத் தங்கை

சூன் 11

அருமைத் தங்கச்சிக்கு,

தூக்கி வளர்த்தவன் மீதே பாய்கிறாயே! என் கூடத்தில் கோழியை மூன்று நீரில் கழுவாமல் எவனும் கத்தி வைக்க மாட்டான். குழாயை முழு வேகத்தில் திறந்து, காய் நறுக்கும் மேடையை ஒட்டிய தொட்டியில், என் கண் முன்னே கழுவுகிறார்கள். இதற்கு மேல் தூய்மை உண்டா? நோய் பரப்பியவன் வேண்டுமென்றால், ஆலை வாசலில் பனிக்கட்டி விற்கிறவனைப் போய்ப் பிடி.

உன் அண்ணி கல்லுப் போல இருக்கிறாள். இப்போதும் என் தோளுக்குப் பின்னால் நின்று, "அவ ஒழுங்கா சாப்பிடுறாளா, இளைச்சுட்டாளான்னு கேளுங்க" என்கிறாள்.

உன் அண்ணன்

சூன் 13

அன்புள்ள அண்ணனுக்கு,

எதைப் பெருமை என்றீர்களோ, அதுவே குற்றம். வேகமாய் விழும் நீர் கிருமியைத் துளித்துளியாய்ப் பக்கத்து மேடை வரை தெறிக்கவிடும். கோழி தீயில் வெந்து தப்பியது. வெள்ளரி எந்தத் தீயைக் கண்டது? கூடத்தை மூடப் பரிந்துரைத்துவிட்டேன்.

இன்னொன்று கேளுங்கள். இக்கிருமியின் மேலுறை நம் நரம்பின் உறையை ஒத்தது. கிருமியை ஒழிக்க எழுந்த உடல், சிலரிடம், பகை அழிந்த பின்னும் படையைத் திரும்ப அழைப்பதில்லை. தன் நரம்பையே பகையென்று தாக்கும். காலில் தொடங்கும் செயலிழப்பு மூச்சு வரை ஏறும். அண்ணிக்கு வயிறு கெட்டிருந்தால் மறைக்காதீர்கள். கால் மரத்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அன்புத் தங்கை

சூன் 27

தங்கச்சி,

மனம் குளிர்ந்ததா? உன் அண்ணி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். முதலில் செருப்பு காலில் நிற்கவில்லை. "ஏங்க, பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு" என்றாள். இடுப்புப் பிடிப்பு என்று ஒரு வாரம் எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். வேறென்ன செய்வேன்? மருத்துவமனை வாசலை மிதித்தால் உன் பரிந்துரைக்கு நானே கையெழுத்திட்டதாகும்.

இப்போது அவளுக்காகக் குழாய் மூச்சு விடுகிறது. இமை மட்டும் அசைகிறது. மூடினால் ஆம், திறந்தே இருந்தால் இல்லை. மருத்துவர் கேட்கும்போதெல்லாம் நானே முந்திப் பதில் சொல்கிறேன். அவள் வெள்ளரியைத் தொடவே இல்லை என்று. நாளை மறுநாள், கூடத்தை மூடுவது பற்றிய விசாரணையில் நீயும் அப்படியே சொல். குடும்பம் நிலைக்க வேண்டாமா?

அண்ணன்

சூன் 28

அண்ணனுக்கு,

நீங்கள் தேநீர் குடிக்க இறங்கிய வேளையில் வந்தேன். அண்ணியின் பார்வை முதலில் என் கழுத்தெலும்புக்குப் போனது. இளைத்துவிட்டேனா என்று பார்த்தார்.

மருத்துவர் உடன் நிற்கக் கேட்டேன்.

"அண்ணி, அன்னைக்கு வெள்ளரிக்காய் சாப்பிட்டீங்களா?"

மூடினார்.

"வெளியில சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சொன்னாரா?"

மூடினார்.

எண்ணெய் தேய்த்த வாரத்தில் இழந்தது முழுவதும் திரும்பாது என்கிறார் மருத்துவர். அதை அண்ணி காதுபடவே சொன்னார், நான் தடுக்கவில்லை. உண்மையை மறைத்தவர் ஒருவர் போதும்.

பிறகு மருத்துவரே குனிந்து கேட்டார். "உங்க வீட்டுக்காரர் வந்தா உள்ள விடலாமாம்மா?"

கண் திறந்தே இருந்தது. நீர் கோத்தது, வழிந்தது. அப்போதும் மூடவில்லை.

இக்கடிதத்தை வாயிற்காவலரிடம் தந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் மேலே வரும்போது, கதவைத் திறக்காமல், கம்பி வழியே நீட்டுவார்.

தங்கை